மதகுக் கயிற்றைப் பிடித்தவள்

பெரியவர்களே, பிள்ளைகளே, காது கொடுத்துக் கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்னே நெடுவேள் என்றொரு மன்னன் இருந்தான். அவன் வெட்டிய ஏரி கடல்போலக் கிடந்தது.

ஓர் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி தளும்பியது, கரை கசிந்தது. கரைக்குக் கீழே மூன்று ஊர்கள். நீருக்கடியில் மதகை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால்தான் அவை பிழைக்கும். தூக்கியதும் பாயும் வெள்ளம் ஆளையும் உள்ளே இழுக்கும். இடுப்பில் கட்டிய கயிறுதான் உயிர்.

முதலில் வந்தவன் யாரையும் நம்பாதவன். கயிற்றை மருத மரத்தில் கட்டிவிட்டு மூழ்கினான். ஆபத்தென்றால் மரமா தன்னை இழுத்துக் கரையேற்றும் என்ற நினைப்பு வந்ததும் மூச்சு முட்டியது, திரும்பிவிட்டான்.

இரண்டாமவன் அரண்மனை மல்லர்களிடம் கயிற்றைக் கொடுத்தான். அவர்களுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. கல்லில் கை வைத்தவனுக்கு அது உறைத்தது, அவனும் திரும்பிவிட்டான்.

மூன்றாவதாகக் காரி வந்தான். கயிற்றை மனைவி செல்லியிடம் நீட்டினான்.

கரையில் நின்ற மன்னனின் அமைச்சர் முகம் சுளித்தார். தன்னைக் கேட்காமல் இறங்க ஒத்துக்கொண்டான் என்று செல்லி காலையில் தெருவே கேட்கச் சண்டை போட்டது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "கோபத்தில் இருப்பவளிடமா உயிரைக் கொடுக்கிறாய்?" என்று கேட்டார்.

"கோபம் இருக்கிறது ஐயா. ஆனால் நான் காய்ச்சலில் கிடந்தபோது இவள் என் தலைமாட்டை விட்டு நகரவில்லை" என்றான் காரி.

செல்லிக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கரைக்கல்லில் காலை ஊன்றினாள்.

காரி மூழ்கினான். கயிறு நிதானமாக இறங்கியது. அவன் பதறவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு வெடுக்கென்று ஓர் இழுப்பு. மல்லர்கள் ஓடிவந்து, இழுக்கச் சொல்லிப் பதறினார்கள்.

"பொறுங்கள். அவர் கல்லோடுதான் மல்லுக்கட்டுகிறார்" என்றாள்.

மறுபடி இழுப்பு. பொறுத்தாள். மூன்றாம் முறை கயிறு விண்ணென்று விறைத்துத் துடித்தது.

"கல் பெயர்ந்துவிட்டது, இப்போது இழுங்கள்!"

அவள் இழுத்தாள், பின்னால் மல்லர்கள் இழுத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மதகில் தண்ணீர் இரைந்து ஓட, காரியின் தலை மேலே வந்தது.

மன்னன் காரிக்கு ஏரிக்காவலன் என்று பட்டம் சூட்ட வந்தான். காரி செல்லியைத் தன் பக்கத்தில் நிறுத்தினான். பட்டம் இருவருக்கும் ஆயிற்று. மூன்று ஊர்களும் பார்க்க, ரத்தம் கசிந்த கையைக் கணவன் தோளில் வைத்து, தலை நிமிர்ந்து நடந்தாள் செல்லி.

சண்டை வந்தாலும் ஆபத்தில் கைவிடாத துணை உள்ளவருக்கே மனதில் பயம் குறையும், உடலில் பலம் கூடும்.