ஆறு பக்கமும் ஒரு குறியீடும்

குரோம்பேட்டையில் ஜெபக்கனி என்றொரு நர்ஸ் இருந்தாள். மஸ்கட் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தை ஒரு சிறிய வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்திருந்தாள். அறுபது நாளுக்குள் மீதியைக் கொடுக்க வேண்டும். அதற்காக வங்கியில் கடன் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அவள் பெயரில் கட்டாமல் விட்ட பைக் கடன் ஒன்று இருப்பதாக, வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்று அறிக்கை சொன்னதாம்.

அவளுக்கு பைக் ஓட்டவே தெரியாது. கடன் வாங்கிய தேதியில் அவள் இந்தியாவிலேயே இல்லை. அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்துக்கு அன்றைக்கே இணையத்தில் புகார் அனுப்பினாள். விளக்கக் கடிதம், பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்கள், மருத்துவமனைச் சான்று என ஆறு பக்கம் இணைத்தாள்.

முன்பணம் கொடுத்ததிலிருந்து இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது: "சரிபார்க்கப்பட்டது. மாற்றம் இல்லை."

மறுபடி அனுப்பினாள். ஐம்பத்தொன்பதாம் நாள் அதே வரி வந்தது. ஆத்திரத்தோடு அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தாள். சுபாஷிணி என்ற ஊழியர் எடுத்தாள்.

"ஆறு பக்கத்தையும் நானே படிச்சேன் மேடம். கடன் குடுத்த கம்பெனிக்கும் அனுப்பினேன். உங்க கடன்தான்னு ரெண்டு தடவையும் சொல்லிட்டாங்க."

"படிச்சப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"உங்க கடன் இல்லன்னுதான் தோணுச்சு. ஆனா அவங்க சொல்லாம மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்ல."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கிண்டியில் இருந்த கடன் கம்பெனிக்கே போனாள். புகார்களைப் பார்க்கும் கிருபாகரன் அவளை உட்காரவைத்துக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான். அவள் எழுதிய ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. 'என் கடன் அல்ல' என்பதற்கான குறியீட்டு எண், அவள் பெயர், பிறந்த தேதி, பான் எண், அவ்வளவுதான். மூலையில் சிறிய எழுத்தில் 'இணைப்பு: 6' என்றிருந்தது.

"எங்க பதிவும் புகாரும் பொருந்துது மேடம். பொருந்தினா 'சரி'ன்னு போடணும். அதான் விதி."

"இந்த இணைப்பத் திறந்து பாத்தீங்களா?"

"ஒரு நாளைக்கு நூத்தம்பது புகார் வருது. திறக்கணும்னு விதியில இல்ல."

"திறக்கக் கூடாதுன்னு இருக்கா?"

அவன் இணைப்பைத் திறந்தான். படித்து முடித்ததும், "தப்புதான் மேடம்" என்றான்.

அறிக்கை திருந்தி வர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் வீடு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. முன்பணமும் திரும்பவில்லை.

உண்மை புரிந்தும் அதிகாரம் இல்லை என்றவள் சுபாஷிணி. விதிப்படி ஒப்பிட்டுப் பதில் போட்டவன் கிருபாகரன். ஜெபக்கனி வீட்டை இழந்ததற்கு இவர்களில் யார் பொறுப்பு?

விடை: கிருபாகரன். அவள் பெயரில் ஏமாற்றிக் கடன் வாங்கியவன் அவள் பெயரையும் பான் எண்ணையும்தானே கொடுத்திருப்பான்? அவை பொருந்தாமல் எப்படிப் போகும்? பதிவே தவறு என்ற புகாருக்கு அந்தப் பதிவையே சாட்சியாக வைத்தான் அவன். சுபாஷிணிக்கு அதிகாரம் இல்லாதது உண்மைதான். ஆனால் முதல் முறை அந்தப் பதில் வந்தபோதே கடன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்க எந்த அதிகாரமும் தேவையில்லை. அந்த அளவுக்கு அவளுக்கும் பங்கு உண்டு. ஜெபக்கனியோ இந்த இருவரையும் குறை சொல்வதில்லை. முதல் பதில் வந்த அன்றே கிண்டிக்குப் போகாமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள்.