பளபளவென்று துலக்கிய தட்டு

ஒரு காட்டில் கரடி ஒன்று வைத்தியம் பார்த்து வந்தது. அதற்கு உதவியாள் ஒரு குரங்கு. சுத்தம், சுத்தம் என்று எல்லோர் உயிரையும் வாங்குகிற குரங்கு. வெள்ளிக்கிழமை வந்தால் போதும், வழியில் கிடக்கும் பாறையைக்கூட விடாது!

அந்தக் காட்டில் ஒரு மான்குட்டி இரத்தம் ஊறாமல் வெளுத்துப் படுத்துவிட்டது. தாய்மானின் எலும்பு மஜ்ஜை அணுக்களை வளர்த்துக் கொடுத்தால் குட்டி பிழைக்கும் என்றது கரடி.

"மஜ்ஜை அணு வெறும் தட்டில் வளராது. அடியில் மெத்தைபோல வேறு அணுக்கள் படர்ந்திருக்க வேண்டும். அவற்றைப் பற்றிக்கொண்டால்தான் பெருகும்," என்று சொல்லி, இரண்டு கண்ணாடித் தட்டுகளில் அந்த மெத்தையைப் பாடுபட்டு வளர்த்தது.

குரங்கு எங்கே கேட்டது? அதன் கண்ணெல்லாம் மூலையிலிருந்த சிலந்திவலைமேல்.

தாய்மான் காலை நீட்டியது. எலும்புக்குள் ஊசி இறங்கியபோது அதற்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை வேறு. குரங்கு ஒரு தட்டைத் தடவிப் பார்த்தது. "சீச்சீ, அடியில் ஏதோ பாசி!" என்று புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி வைத்தது. கண் மங்கிய கரடி, பாவம், கவனிக்காமல் மஜ்ஜை அணுக்களை அதிலேயே ஊற்றியது.

பழைய நீரை மாற்றும்போது அணுக்கள் அத்தனையும் நீரோடு போய்விட்டன. ஒன்றுகூட ஒட்டவில்லை.

"தட்டை யாராவது தொட்டீர்களா?" என்று பதறியது கரடி.

"எனக்கென்ன தெரியும்? எண்ணெய் தடவிக்கொண்டு உருண்டாலும் ஒட்டுவதுதானே ஒட்டும்!" என்றது குரங்கு.

தாய்மான் விம்மியது. "அப்படியானால் குறை என் மஜ்ஜையில்தான். பெற்ற பிள்ளைக்கு நானே எமனாகிவிட்டேனே!"

குரங்கின் முகம் சுண்டிப்போயிற்று. "இல்லை அக்கா! மெத்தையைப் பாசி என்று நான்தான் துலக்கிவிட்டேன். கேட்டபோது பொய்யும் சொன்னேன்," என்று தலையைக் குனிந்துகொண்டது.

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. தாய்மான் குரங்கைத் திட்டவே இல்லை. "வைத்தியரே, இன்னொரு தட்டு இருக்கிறதல்லவா?" என்று கேட்டு, நொண்டிக்கொண்டே வந்து மறுபடியும் காலை நீட்டியது.

இந்த முறை அணுக்கள் மெத்தையைப் பற்றிக்கொண்டு பெருகின. குட்டி பிழைத்தது. ஒருநாள் துள்ளி வந்து, "குரங்கு மாமா, விளையாட வா!" என்று வாலைப் பிடித்து இழுத்தது.

குரங்கு வெட்கத்தால் அசையவில்லை. அதோ, தாய்மான் இன்னும் நொண்டிக்கொண்டுதான் மேய்கிறது.

நீதி: நம் தவற்றை நாம் மறைத்தால், குற்றமற்றவர் அதைத் தமதென்று நினைத்துச் சுமப்பார்.