உப்புக்காற்றின் வேகம்

சுகிர்தம் அம்மா எதையும் வேகமாகத்தான் செய்வார். நடை வேகம், பேச்சு வேகம், ஜெபம்கூடக் கொஞ்சம் வேகம்தான். செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவர் நடத்திவந்த ஜெப வீட்டுக்கு மன அமைதி தேடி வருகிறவர்கள், முதல் நாள் அவரைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். "கண்ணை மூடி உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண்ணை மூடுவதற்குள் அம்மா அடுக்களைக்குப் போய்க் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருப்பார்.

ஆனாலும் ஜனங்கள் வந்தார்கள். அம்மா சொல்லும் பதில் வீடுவரை கூடவே வரும் என்பார்கள்.

கென்னடி அவருடைய பழைய சீடர். தூத்துக்குடிக்காரர், தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷந்தோறும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வந்து தங்கி, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, ஜெபித்துவிட்டுப் போவார். இந்தத் தடவை மட்டும் சாரல் காலத்தில் வந்து நின்றார். கூடவே அவருடைய சிநேகிதர் எட்வின். எட்வினுக்குக் கல்யாண வீடுகளில் மைக்செட் போடுகிற தொழில்.

அவர்கள் வந்தது ஒரு பாட்டு விஷயமாக.

இளவயதில் அம்மா ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருந்தார். 'உப்புக்காற்று' என்று பேர். பாடுகிறவர் கிடையாது. வயலின், மேளம் எதுவும் கிடையாது. எல்லாமே சிந்தசைசர் என்கிற மின்சார வாத்தியத்தில் எழுப்பிய ஓசைகள். அந்தக் காலத்தில் கேட்டவர்கள், கதவுக்கு எண்ணெய் போடுங்கள் என்று சிரித்தார்கள். தட்டு விற்கவில்லை. அம்மாவும் வாத்தியத்தை விட்டுவிட்டு ஜெப வீட்டுக்கு வந்துவிட்டார். அதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை.

ஆனால் தூத்துக்குடியில் அந்த இசை பிழைத்துக்கொண்டது. கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. அந்தக் கடைக்கு வந்த ஒரே ஒரு தட்டிலிருந்து ஒரு கேசட், அந்தக் கேசட்டிலிருந்து பல கேசட் என்று கைமாறிக் கைமாறி ஒரு ரசிகர் கூட்டமே உண்டானது. வருஷத்துக்கு ஒருநாள் பள்ளிக்கூட அறை ஒன்றில் கூடுவார்கள். சத்தம் போடுகிற மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்வை வழிய, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்பார்கள். எங்கே அலை எழும்பும், எங்கே அடங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஓர் இடத்தில் வாசிக்கிறவரின் நாற்காலி கிரீச்சிடும். அந்த இடம் வந்ததும் அத்தனை பேரும் கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்கள்.

கென்னடிக்கு அது வெறும் ரசனை மட்டும் இல்லை.

அவருக்குச் சின்ன வயதில் திக்குவாய். பேரைக் கேட்டால் போதும், 'கெ' என்ற எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். கடைசிப் பாட்டில் நீளமாக ஒரு ஸ்வரம் வரும். அது முடிந்து அடுத்தது தொடங்க நல்ல நேரம் எடுக்கும். ஒருநாள் அந்த நீள ஸ்வரத்தில் மூச்சை இழுத்தார். அடுத்த ஸ்வரத்தில் ஒரு வார்த்தையை விட்டார். வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. அப்படியே பழகிப் பழகி, சபையில் எழுந்து நின்று வேதபாடம் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். பாட்டை வாசித்தவர் ஜெப வீட்டு அம்மாதான் என்று தெரிந்ததும் தேடிப்போய்ச் சீடரானார். அம்மாவின் வேகத்தைப் பார்த்து அவரும் முதலில் திகைத்தவர்தான். வெளியேதான் இந்த ஓட்டம், உள்ளே அந்த நீள ஸ்வரம் இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இப்போது ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து 'உப்புக்காற்றை' மறுபடி தட்டாக வெளியிட முடிவு செய்திருந்தார்கள். எட்வின் சென்னைக்கு அலைந்து, பதிவு செய்தவர் வீட்டிலிருந்து மூல நாடாவையே கொண்டுவந்துவிட்டார். எல்லாரும் ஆசையாகக் கூடி உட்கார்ந்தார்கள். நாடா ஓடியது.

பாட்டும் ஓடியது. நாய் துரத்துகிற மாதிரி ஓடியது.

எட்வின் அந்தப் பழைய கேசட் கடைக்காரரைத் தேடிப்பிடித்து விசாரித்தார். "ஆமாப்பா, தட்டு சுத்துற மெஷின்ல பெல்ட் தளந்துதான் கெடந்துச்சு. மெதுவாத்தான் சுத்தும். யாரும் குறை சொல்லலை, நானும் மாத்தலை" என்றார் அவர்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அசல்தான் வேண்டும் என்று ஒரு கட்சி, எட்வின் அதில். நாம் கேட்டதுதான் வேண்டும் என்று இன்னொரு கட்சி. அதுகூடப் பரவாயில்லை. அன்றைக்கு வீடு திரும்பிய கென்னடிக்கு, மகளைக் கூப்பிட வாயெடுத்தபோது பேர் வரவில்லை. 'மெ' என்ற எழுத்தில் நின்றுவிட்டது. மகள் மெல்பாவுக்கு வருகிற மாதம் கல்யாணம். வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, மகளை வாழ்த்தி, அவர்தான் பேச வேண்டும்.

"வாங்க வாங்க, நனைஞ்சுட்டீங்களே, துண்டு அங்க கொடியில கெடக்கு, காப்பி சூடா இருக்கு, ஊதிக் குடிங்க, என்ன விஷயம்?" என்றார் அம்மா, ஒரே மூச்சில்.

எட்வின் கென்னடியின் காதோரம் குனிந்தார். "அம்மாவே அசல் வேகத்துலதான் ஓடுதாங்க வே. கேக்கவே வேண்டாம், நான் ஜெயிச்சாச்சு."

கென்னடி சொல்ல வாயெடுத்தார். "அ... அ... அம்..."

அம்மா துடைத்துக்கொண்டிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் கென்னடி திக்கி அவர் பார்த்ததில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றார் எட்வினிடம்.

எட்வின் எல்லாவற்றையும் சொன்னார். பள்ளிக்கூட அறை, நாற்காலிச் சத்தம், தளர்ந்த பெல்ட், மெல்பா கல்யாணம். முடிக்கும்போது, "மைக்கு நான்தான் போடுதேன் அம்மா. இவன் நின்னு முழிச்சான்னா, மைக்கு சரியில்லைன்னு ஊர் பூரா எனக்குத்தான் கெட்ட பேரு" என்றார்.

கென்னடி சிரித்துவிட்டார். சிரிப்பு திக்கவில்லை.

"எங்க அந்தக் கேசட்?" என்றார் அம்மா.

எட்வின் கையோடு ஒரு டேப்ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தார். கென்னடியின் கேசட்டைப் போட்டார்கள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஒரு கண் அடுக்களைப் பக்கம் இருந்தது. அடுப்பில் கஞ்சி.

அலை எழும்பியது. அடங்கியது. வெளியே சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். பிறகு கண்ணை மூடினார். நாற்காலி கிரீச்சிடுகிற இடம் வந்ததும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் முகத்திலும் சிரிப்பு வந்தது. கடைசிப் பாட்டின் நீள ஸ்வரம் வந்தபோது அடுக்களையிலிருந்து கருகல் வாடை வந்தது. கென்னடி அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. எட்வின்தான் பதறிப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

கேசட் நின்றது. அம்மா கண்ணைத் திறக்க நேரமாயிற்று.

"இதுக்குள்ள இவ்வளவு இடம் இருந்துச்சா?" என்றார்.

அடுத்து எட்வின் மூல நாடாவின் பிரதியைத் தன் போனில் போட்டார். கொஞ்சம் ஓடியதுமே அம்மாவுக்குச் சிரிப்புப் பொங்கியது.

"பாவம், என்னமா ஓடுறா அந்தப் புள்ள! மணப்பாட்டுல கடலைப் பாத்த ஒரு வீட்டு அறையில பதிஞ்சோம். வாத்தியம் எரவல். சாயங்கால பஸ்ஸுல அதைத் திருப்பி அனுப்பணும். அது வேற, கொஞ்சம் சூடானா சுருதி நழுவிடும். ஒவ்வொரு வரிக்கும் சுருதி சேர்க்கணும். ஒரு நேரத்துல ஒரு கட்டைதான் பேசும், அதனால ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி அடுக்கிப் பதியணும். பஸ் ஞாபகத்துலயே வாசிச்சேன். முடிச்சப்ப எனக்கு மூச்சு வாங்குச்சு. அதுக்கப்புறம் கேக்கவே இல்லை. எப்பக் கேட்டாலும் பஸ்ஸுதான் ஞாபகம் வரும்."

"அந்த அலைச் சத்தம் மணப்பாட்டுக் கடல்தானே அம்மா?" என்றார் எட்வின் ஆவலாக. "நாங்க சத்தியமே பண்ணுவோம்."

"கடல் உள்ள வந்துரக் கூடாதுன்னு ஜன்னலை எல்லாம் சாத்திட்டுல்லா பதிஞ்சோம்! அது மெஷின் அலை."

எட்வின் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை நான் போய்ச் சொன்னா என்னைக் கொன்னுருவாங்க."

கென்னடி இதற்குச் சிரிக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நா... நான் இத்தனை வருஷமா கே... கேட்டது உங்க பாட்டு இல்லையா அம்மா? ப... பழுதான மெஷினை நம்பியா நான் பே... பேசினேன்?"

அம்மா எழுந்துபோய் மூலையில் இருந்த ஆர்மோனியத்தை எடுத்துவந்து தரையில் வைத்தார். எட்வின் கேசட்டை எடுத்து உறையில் போட்டுக் கென்னடியின் பையில் வைத்தார். அம்மா ஒரு கையால் துருத்தியைத் தள்ளினார். கடைசிப் பாட்டின் நீள ஸ்வரம் எழுந்தது.

"கல்யாணத்துல என்ன சொல்லப் போறீங்க? சொல்லுங்க."

கென்னடி மூச்சை இழுத்தார். "எ... எங்க வீட்டுக்கு வ... வந்திருக்கிற..."

அவர் எங்கே திக்கினாரோ அங்கே அம்மாவின் விரலும் நின்றது. வார்த்தை வரும்வரை துருத்தியை விடாமல் தள்ளிக்கொண்டிருந்தார். வார்த்தை வந்ததும் அடுத்த கட்டைக்கு நகர்ந்தார்.

எட்வின் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தாளம் தப்பியது. மறுபடி பிடித்தார், மறுபடி தப்பியது. விட்டுவிட்டார்.

"என் ம... மக..." என்றார் கென்னடி. "மெ... மெ..."

ஸ்வரம் நீண்டது. நீண்டுகொண்டே இருந்தது. அம்மாவின் நெற்றியில் வேர்வை அரும்பியது. தோள்பட்டை நடுங்கத் தொடங்கியது. எட்வின், நான் தள்ளட்டுமா என்பதுபோலக் கையை நீட்டினார். அம்மா தலையை ஆட்டி மறுத்தார். சாரல் வலுத்தது. பிறகு வெறித்தது. ஒரு நீர்த்துளி ஓட்டின் நுனியில் தொங்கி, விழ மறந்ததுபோல இருந்தது.

"மெல்பா" என்றார் கென்னடி.

அம்மா அடுத்த கட்டைக்கு நகர்ந்தார்.

"மெல்பா நல்லா இருக்கணும்" என்றார் கென்னடி. அது முழுசாக வந்தது.

அம்மா துருத்தியை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டார்.

எட்வின்தான் கேட்டார். "அம்மா, இது நீங்க பதிஞ்சதும் இல்லை, கடைக்காரர் பதிஞ்சதும் இல்லை. இது என்ன வேகம்?"

"இவர் வர்ற வரைக்கும்."

"அப்ப தட்டுல எதைப் போட?"

"அசலைப் போடுங்க. ஓடினது நான்தான். அதை ஏன் மறைக்கணும்? உங்க கேசட் உங்ககிட்ட ஆளுக்கொண்ணு இருக்கு. யாரும் பிடுங்கப் போறதில்லை."

ஜெயித்த எட்வினுக்கு ஏனோ சந்தோஷமே வரவில்லை. "அந்த நாற்காலிச் சத்தம் அசல்லயும் இருக்குல்லா, அது போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அம்மா கென்னடியின் பக்கம் திரும்பினார்.

"உங்க கேசட்டை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க."

கென்னடி பையைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அது இல்லாம நான் எப்படிம்மா..."

"மெல்பா பேரைச் சொன்னப்ப அது எங்க இருந்துச்சு?"

கென்னடி குனிந்து பார்த்தார். பை மூடியபடியே இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையைத் திறந்து கேசட்டை எடுத்தார். அதன் உறையை வேட்டியில் ஒரு தடவை துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"உங்களுக்கு எதுக்கும்மா இது? நீங்களே வா... வாசிச்சதுதானே?"

அம்மா கேசட்டை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் அடுக்களையைப் பார்த்து வேகமாக நடந்தார். கதவருகே போனதும் நடை நின்றது. திரும்பிப் பார்த்தார்.

"வாசிச்சது நான்தான், தம்பி. ஆனா இந்த வீட்டுல கஞ்சி அடிப்பிடிச்சது இன்னைக்குத்தான்."