மீதிப் பன்னிரண்டு

“மேடம், ஒரே ஒரு தடவையாவது நேரா பதில் சொல்லுங்களேன்!” என்றான் செழியன்.

கேட்டது பேராசிரியர் ரூபினாவிடம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தள்ளுவண்டி நின்றது. அதில் முப்பிடாதி. கல்லீரல் கெட்டு வந்தவள். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பயத்தில் வாங்குகிற மூச்சுதான் என்று முடிவுகட்டி, அவளைப் பொது வார்டுக்கு அனுப்பச் சொன்னது செழியன். வண்டியை மறித்துக்கொண்டு நிற்பது மேடம்.

“சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிச்சா மீதி பன்னிரண்டு. ரத்தத்தில் மூச்சு வாங்க வைக்கிற கெட்ட அமிலம் ஒளிஞ்சிருந்தா அந்த மீதி ஏறியிருக்கும். ஏறலை. நார்மல். இதுக்கு மேல என்ன வேணும், மேடம்?”

“பன்னிரண்டை எந்த மெஷின் அளந்துச்சு?”

“மெஷின் எதுக்கு? கணக்குப் போட்டு வர்றது.”

“அப்ப யாரும் பார்க்கலை.”

செழியனுக்குச் சுர்ரென்று ஏறியது. எம்.டி. முடிக்க இன்னும் ஒரு வருடம். அதற்குள் இந்தம்மா வாயிலிருந்து ஒரு நேர்ப்பதில் விழுமா, விழாதா?

“கழிச்சா வர்றது வரத்தான் செய்யும் மேடம். இதில் யார் என்னத்தைப் பார்க்கணும்?”

“அந்த மீதியில யாரு இருக்கா?”

“பெரும்பாலும் ஆல்புமின். கல்லீரல் செய்யுற புரதம். முதல் வருஷப் பாடம். என்னையே கேட்கிறீங்களே!”

“ரெண்டு பேரும் பெறவு சண்டை போடுங்க, தாயி” என்றாள் முப்பிடாதி. “எனக்கு மூச்சு முட்டுது.”

மேடம் போர்வையை விலக்கினார். வீங்கிய காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார்.

குழி விழுந்தது.

நிரம்பவில்லை.

செழியன் அந்தக் குழியையே பார்த்தான். கல்லீரல் செய்யுற புரதம். செய்யாத கல்லீரல்; அதனால்தான் நீர் கோத்த கால். அப்படியானால் மீதி ஆறு, ஏழுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஆல்புமின் காலிசெய்த இடத்தில் அந்தக் கெட்ட அமிலம் உட்கார்ந்திருக்கிறது.

“பயந்தா காலில் குழி விழுமா, செழியன்?”

 

வண்டியை அவனே பிடித்து உள்பக்கம் திருப்பினான். ஓட்டமும் நடையுமாகத் தள்ளினான்.

“அம்மா, எப்போதிலிருந்து முட்டுது? முதலிலிருந்து சொல்லுங்க.”

“அதைத்தானய்யா காலையிலேருந்து சொல்லுதேன்.”