கண்ணில் படாத கசடு

அரசர் வீரகேசரிக்கு வாள் என்றால் உயிர். அவருடைய இரும்பு உலைகள் இரவு பகலாக எரிந்தன. வாள்கள் படைச்சாலைக்குப் போயின. இரும்பை உருக்கியதில் மிஞ்சிய கசடு அரண்மனைக்கு எதிரே குவிந்து குன்றாகிவிட்டது. அமைச்சர் அனந்தராயர் அதற்கு ‘வெற்றிக் குன்று’ என்று பெயர் வைத்து விழாவும் எடுத்தார். அதன் பிறகும் காற்றடித்தால் அரசரின் பாயசத்தில் கரித்தூள் விழுந்தது.

ஒருநாள் அரசர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். “தை மாதம் பக்கத்து நாட்டு அரசர் விருந்துக்கு வருகிறார். அதற்குள் இந்தக் கசடு என் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும்.”

அவையில் உமைபாகன் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன். அது அமைச்சருக்குப் பிடிக்காது.

“உமைபாகரிடமே விடலாம், அரசே. ஆற்றில் கொட்டக் கூடாது. வயலில் கொட்டக் கூடாது. எல்லைக்கு வெளியேயும் போகக் கூடாது. முடியாவிட்டால், அவர் மட்டும் எல்லைக்கு வெளியே போகட்டும்,” என்றார் அமைச்சர்.

அரசர் சரியென்றார்.

உமைபாகன் கவலையோடு குன்றைச் சுற்றி வந்தான். ஓரிடத்தில் மழைநாளில் ஒரு சுண்ணாம்பு வண்டி கவிழ்ந்திருந்தது. அங்கே கிடந்த கசடுத்தூளை எரிச்சலில் எட்டி உதைத்தான். தூள் அசையவில்லை, சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. காலைப் பிடித்துக்கொண்டு குதித்தவன், வலி தீருமுன்பே கொத்தனார்களுக்கு ஆளனுப்பினான்.

கசடை இடித்தார்கள். சுண்ணாம்பு கலந்து அச்சில் அடித்தார்கள். நீர் தெளித்து இறுகவிட்டார்கள். தை பிறந்தபோது குன்று இருந்த இடம் வெறுந்தரை.

விருந்தாளி வந்து போனபின் அரசர் கேட்டார்: “எங்கே ஒளித்தீர்?”

“ஊருக்குள்ளேதான், அரசே.”

அமைச்சர் எழுந்துவிட்டார். “ஊருக்குள்ளே என்றால் அரசரின் கண்ணில் படுமே. ஆணையை மீறிவிட்டார்.”

“படவில்லையே. படைச்சாலைக்குப் போகும்போதெல்லாம் அரசர் அந்த வழியாகத்தான் போகிறார்.”

அரசர் புருவத்தைச் சுருக்கினார். “நான் போகும் வழியில் நான் பார்க்காத இடமா?”

“உலையில் வேலை செய்பவர்களின் தெரு, அரசே. அவர்களுடைய ஓலைக் குடிசைகள் மழையில் சரிந்தபோதும் நீங்கள் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் கசடுக் கல்லிலேயே அவர்களுக்கு வீடுகள் கட்டிவிட்டேன்.”

அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உமைபாகன் கையில் கொடுத்துவிட்டு, பல்லக்கு வேண்டாமென்று நடந்தே கிளம்பினார்.

அமைச்சர் பின்னாலேயே ஓடினார். “அரசே, அங்கே போனால் கசடு கண்ணில் பட்டுவிடுமே.”

“படட்டும்,” என்றார் அரசர்.