விலாங்கு கடலுக்கு இறங்கிய கதை

மீனும் மேகமும் மனிதரும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில் மலைக்கு மழை கிடையாது. உச்சிக்குச் சற்றுக் கீழே, காட்டுக்குள் ஒரு பெரிய மடு இருந்தது. அதன் நீர் ஓடையாகி, ஆறாகிக் கீழே போய்க்கொண்டே இருந்தது. போன நீர் திரும்பவில்லை. மடு ஆண்டுக்காண்டு சுருங்கியது.

அந்த மடுவில் நெளியன் என்ற விலாங்கு தன் மனைவி புள்ளியோடு வாழ்ந்தான். கரையில் குடியிருந்த மலைச்சனங்களில் மருதி என்பவள் அவர்களுக்கு நெருக்கம். தினை களைய வரும்போதெல்லாம் புள்ளியை "மதினி" என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு கோடையில் ஓடையின் வாய் வறண்டுவிட்டது. மருதியின் ஆட்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

"எங்களுக்குக் கால் இருக்கு, போயிருவோம். நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் மருதி.

"தண்ணி எங்கதான் போகுதுன்னு இதுவரைக்கும் யாரும் போய்ப் பாக்கலையே" என்றான் நெளியன். "நான் போறேன். கையோட திருப்பிக் கூட்டிட்டு வரேன்."

புள்ளி அவனருகே நீந்தி வந்து, "வழியை மட்டும் மறந்துராதே" என்றாள்.

"நம்ம மடுவுக்கா? கண்ணை மூடிக்கிட்டே வருவேன்."

மூங்கில் குழாயில் ஈரப்பாசி திணித்து, அதில் நெளியனை விட்டு, காய்ந்த பாறைகளைத் தாண்டித் தூக்கிப்போனாள் மருதி. கீழே ஆறு இன்னும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் அவனை இறக்கினாள்.

"நீ வர்ற வரைக்கும் மதினியை விட்டு நகரமாட்டேன் அண்ணே" என்றாள். அவள் சனம் சமவெளிக்கு இறங்கிப் போனது, அவள் போகவில்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, சுரந்த நீரையெல்லாம் மடுவில் கொண்டுவந்து ஊற்றினாள்.

நெளியன் கடலை அடைந்தான். அதன் உப்புக் கரிப்பு அவன் கண்ணை எரித்தது.

"கடலம்மா, எங்க தண்ணியைத் திருப்பிக் கொடு."

"நான் பிடிச்சு வைக்கலப்பா" என்றது கடல். "தினமும் வெயில் என் மேலிருந்து தண்ணியைத் தூக்குது. அது மேகமா அலையுது. போக்கிடம் தெரியாம மறுபடி என் மேலேயே கொட்டிருது."

நெளியன் தலையைத் தூக்கி மேகங்களைப் பார்த்தான். "எங்க மலைக்கு வாங்களேன்."

"வழியைச் சொன்னா வர்றோம்" என்றன மேகங்கள். "ஆனா ஒண்ணு. எங்களுக்குச் சொன்ன வழி அப்புறம் உன்கிட்ட இருக்காது."

நெளியன் திரும்பி ஆற்று முகத்துக்கே போனான். மலையின் நீர் மெல்லிய இழையாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அதில் கொஞ்சநேரம் கிடந்தான். இப்போதே புறப்பட்டால் புள்ளியைப் பார்த்துவிடலாம். வற்றிய மடுவில் அவளோடு சேர்ந்து சாகலாம்.

அவன் கடலுக்குத் திரும்பினான். ஆற்றின் வளைவுகளைச் சொன்னான். அருவிகளைச் சொன்னான். "காடு மூச்சு விடுற இடத்துல காத்து குளிர்ந்து கிடக்கும். அங்க நில்லுங்க. மரங்க உங்களைப் பிடிச்சு நிறுத்திக்கும்" என்றான். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் அவனைவிட்டுப் போனது. முடிவில் புள்ளியின் முகம் நினைவிருந்தது. அவள் எந்தத் திசையில் இருக்கிறாள் என்பது தெரியவில்லை.

மலையில் முதல் மழை பெய்தது. மருதி வாயைத் திறந்துகொண்டு நனைந்தாள். புள்ளி நீர்மட்டத்துக்கு வந்து, "அவன் எங்கே?" என்று மழையிடம் கேட்டாள்.

"கடல்ல இருக்கான். வீட்டு வழியை எங்களுக்குக் கொடுத்துட்டான்" என்றது மழை.

மடு நிரம்பியது. காடு தழைத்தது. போன சனம் திரும்பி வந்து தினை விதைத்தது. ஒவ்வொரு மழையிலும் புள்ளி அவனைப்பற்றிக் கேட்டாள். ஒவ்வொரு மழையும் அதையே சொன்னது.

கடைசியில் ஒரு வெள்ளத்தில் அவள் கிளம்பினாள்.

"போகாதே மதினி, இப்பத்தானே மடு நிறைஞ்சிருக்கு" என்று மருதி அழுதாள்.

"அவன் நிறைச்ச தண்ணியில நான் மட்டும் எப்படி நீந்துறது?"

வழியெல்லாம் புள்ளி எதையும் தின்னவில்லை. ஆழ்கடலின் இருட்டில் அவனைக் கண்டபோது எலும்பாக இருந்தாள். அங்கேயே முட்டையிட்டாள். அவனை அழைத்துக்கொண்டு திரும்ப உடம்பில் தெம்பில்லை. அதனால் முட்டைகளுக்கு வழி சொன்னாள்: "கரிப்புக் குறையுற பக்கம் போங்க. தண்ணி தள்ளினா எதிர்த்துப் போங்க." சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் கண்மூடினாள். அவனும் அதன்பின் வெகுநாள் இருக்கவில்லை.

பின்னொரு மழைக்காலத்தில் மருதி அருவியோரம் நின்றாள். ஈரப்பாறையில் நூல் நூலாக, கண்ணாடிபோல் ஏதோ ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

"மதினி பிள்ளைங்களா?" என்று குனிந்து கேட்டாள். அவற்றுக்கு அவளைத் தெரியவில்லை. வழி தெரிந்திருந்தது.

அன்று தொட்டுத்தான், ஆற்றில் வளரும் விலாங்கு வயது வந்ததும் இரையை விட்டுக் கடலுக்கு இறங்கிவிடுகிறது, போனது திரும்புவதில்லை. அதன் குஞ்சுகளும் மேகங்களும்தான் மலையேறி வருகின்றன.