இளமையை உறிஞ்சிய மாறாமுகன்

முன்னொரு காலத்திலே, மீன்களுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத ஒரு காலத்திலே, சங்குத்துறை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசனுக்கு வயது தொண்ணூறு. பார்த்தால் முப்பது. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது, தலையில் ஒரு நரை கிடையாது. அவன் பக்கத்தில் எப்போதும் ஒருவன் நிற்பான். அவன் பெயர் மாறாமுகன். அரசனுடைய தாத்தா காலத்திலும் அவன் அங்கேதான் நின்றான். அப்போதும் இருபது வயது வாலிபன், இப்போதும் இருபது வயது வாலிபன்.

அந்த நாட்டில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கடற்கரையில் கிழவர்களும் கிழவிகளும் கூடி உட்கார்ந்து மணல்வீடு கட்டுவார்கள். அலை வந்து இடித்தால் அழுவார்கள். இருட்டினால் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அவர்கள் சாவதும் இல்லை. ஊரார் அவர்களைப் பைத்தியம் என்றார்கள். கஞ்சி ஊற்றிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்தத் துறையில் மாசாத்தி என்று ஒருத்தி இருந்தாள். கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பது அவள் தொழில். அவள் புருஷன் சேந்தன் பானை செய்கிறவன். அவளுக்குக் கடல் என்றால் வீடு மாதிரி. அவனுக்குக் கடல் என்றால் பயம். முழங்கால் தண்ணீருக்குமேல் இறங்கமாட்டான். அவர்களுக்கு ஒரே மகள், குமுதி. ஏழு வயது.

ஒருநாள் காலையில் கிளிஞ்சல் பொறுக்கப் போன குமுதி உச்சி வெயிலில் திரும்பி வந்தாள். மாசாத்தி வாசலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் ஒரு கிழவி. பஞ்சு மாதிரி தலை, கூன் முதுகு, பல் இல்லாத வாய். உடம்பில் மட்டும் குமுதியின் சிவப்புப் பாவாடை.

"அம்மா, முட்டி வலிக்குதும்மா," என்றாள் அந்தக் கிழவி. "என்னால ஓட முடியலை."

சேந்தன் கையிலிருந்த களிமண் உருண்டை கீழே விழுந்தது.

"யாரும்மா உன்னை என்ன செஞ்சா?" என்று கேட்டாள் மாசாத்தி.

"ஒரு அண்ணன் வந்தாரு. அழகா இருந்தாரு. கரும்புத் துண்டு குடுத்தாரு. கண்ணை மூடு, உச்சி மோந்து பாக்கறேன்னாரு. உச்சியில ஒரு வெள்ளைக் குழலை வெச்சு உறிஞ்சினாரு. சில்லுனு இருந்துச்சு. அவ்வளவுதாம்மா."

மாசாத்தி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள். அரசன் பார்த்தான். பக்கத்தில் நின்ற மாறாமுகனும் பார்த்தான். "இந்த அண்ணன்தாம்மா," என்று குமுதி அவனைக் கை காட்டினாள்.

"இதில் நான் விசாரிக்க என்ன இருக்கிறது?" என்றான் அரசன். "உன் மகளுக்கு வயதாகிவிட்டது. வயதாவது குற்றமா?"

சபையில் சிரித்தார்கள். மாசாத்தி மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து, மாறாமுகனுடைய மாளிகைக்குப் பின்னால் இருந்த குளத்தில் இறங்கி நின்றாள். சுவரேறிக் குதித்து அவன் கழுத்தைப் பிடித்துவிடலாமா என்று யோசித்தாள். அப்போது கணுக்காலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் ஓர் அட்டை. பிய்த்து எறியக் கையைக் கொண்டுபோனாள்.

"பிய்க்காதே," என்றது அட்டை. "பிய்ச்சா உனக்கும் வலி, எனக்கும் வலி. உறிஞ்சறது என் பிழைப்பு. வயிறு நிறைஞ்சா நானே விட்டுடுவேன்."

மாசாத்தி கொஞ்சம் யோசித்தாள். "சரி, குடி. குடிச்சதுக்கு எனக்கு ஒண்ணு சொல்லணும். இந்த மாளிகைக்காரனைப் பத்தி உனக்குத் தெரியுமா?"

அட்டை நிதானமாகக் குடித்தது. கொழுத்தது. சொன்னபடியே தானாகத் தண்ணீரில் விழுந்தது.

"தெரியும். அவன் குளிக்க வந்தப்போ ஒருதடவை அவன் காலைக் கடிச்சேன். ஒரு ஆளோட ரத்தத்துல ஒரு ருசிதான் இருக்கும். அவன் ரத்தத்துல எத்தனையோ பிள்ளைங்க ருசி இருந்துச்சு. எனக்குக் குமட்டிடுச்சு. குழந்தைங்க இளமையைக் குழல்ல உறிஞ்சி எடுப்பான். அமாவாசைப் பகல்ல கடலுக்குள்ள கொண்டுபோய் ஒரு கல்சாடியில ஊத்துவான். அதுலேருந்து தனக்கு ஒரு வாய், அரசனுக்கு ஒரு கரண்டி. கடற்கரையில உக்காந்திருக்காங்களே, அவங்கள்ளாம் யாருன்னு நினைச்சே?"

மாசாத்தி கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளும் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறாள். ஒருநாளும் பெயர் கேட்டதில்லை.

"என் மகளோடது?"

"இன்னும் குழல்லதான் இருக்கு. சாடியில ஊத்திட்டா எல்லாத்தோடயும் கலந்துடும். அப்புறம் தனியாப் பிரிக்க முடியாது. ஆனா சாடியைத் திறந்துட்டா, எல்லாம் தன் தன் உடம்பைத் தேடித் தானே போயிடும்."

"சாடி எங்கே இருக்கு?"

"அது எனக்குத் தெரியாது. உப்புத் தண்ணி பட்டா நான் செத்தேன். அவன் படகுக்கு அடியில ஒட்டிக்கிட்டுத் திரியறவனைப் போய்க் கேளு."

மாசாத்தி துறைமுகத்துக்குப் போனாள். மாறாமுகனின் கறுப்புப் படகுக்கு அடியில் மூழ்கிப் பார்த்தாள். உச்சந்தலையில் செருப்புத் தடம் மாதிரி ஒரு பட்டை உள்ள மீன் ஒன்று அந்தப் பட்டையால் பலகையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு சுகமாகத் தொங்கியது. ஒட்டுமீன். அவளைப் பார்த்ததும் நீர்மட்டத்துக்கு வந்து மூக்கை நீட்டியது.

"கல்சாடி இருக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப் போறியா?"

"வழி தெரியும். ஆனா நான் தனியா நீந்தற வழக்கம் இல்லை. எங்க அப்பாவும் நீந்தினதில்லை. நீ சுமக்கிறதா இருந்தா வழி சொல்றேன். உறிஞ்சி ஒட்டறது என் பிழைப்பு. இடம் வந்தா நானே விட்டுடுவேன்."

"ஏறிக்கோ."

ஒட்டுமீன் அவள் முதுகில் ஒட்டிக்கொண்டது. தோல் உரிந்துவிடும் போல இழுத்தது. மாசாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு நீந்தினாள். "வலப்பக்கம்" என்றது. "இடப்பக்கம்" என்றது. "மெதுவாப் போ, எனக்குத் தலை சுத்துது" என்றது. கடைசியில் கடலுக்கு நடுவே தலைகாட்டும் ஒரு பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒட்டுமீன் சொன்னபடியே விட்டுவிட்டது.

பாறைக்கு அடியில் ஒரு பொந்து. பொந்தில் ஆள் உயரக் கல்சாடி. மூடியின்மேல் எழுத்து வெட்டியிருந்தது: என் கை தவிர எந்தக் கைக்கும் திறவாதே. மாசாத்தி இரண்டு கையாலும் திருகினாள். மூடி அசையவில்லை. திருகத் திருக இன்னும் இறுகியது.

சாடிக்குப் பின்னாலிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது. பேய்க்கணவாய். உடம்பு ஒரு பை மாதிரி. அதிலிருந்து எட்டு நீட்டம், ஒவ்வொன்றிலும் வட்ட வட்டமாக உறிஞ்சிகள்.

அதனோடு பேசுவதற்குள் மாசாத்திக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முங்கி ஒரு பேச்சு, மேலே வந்து ஒரு மூச்சு. முங்கி ஒரு பேச்சு, மேலே வந்து ஒரு மூச்சு.

"இதை உன்னால திறக்க முடியுமா?" முங்கிக் கேட்டாள்.

"முடியும்."

மேலே வந்து மூச்சு எடுத்தாள். முங்கினாள். "கைக்குத் திறக்காதுன்னு எழுதியிருக்கே?"

"எனக்கு ஏது கை? இதெல்லாம் கால். எட்டும் கால்தான். வேணும்னா கிட்ட வந்து பாரு."

மேலே வந்தாள். முங்கினாள். "அப்போ ஏன் இத்தனை நாளாத் திறக்கலை?"

"யாரும் கேக்கலை. எனக்கும் அதுல ஒண்ணும் ஆகவேண்டியது இல்லை. உறிஞ்சிப் பிடிக்கிறது என் பிழைப்பு. வேலை முடிஞ்சா விட்டுடுவேன். ஆனா கூலி வேணும். இந்தப் பொந்துல விலாங்கு வந்து என் காலைக் கடிக்குது. வாய் குறுகி, வயிறு பெருத்து ஒரு வீடு கொண்டுவந்து குடு."

மாசாத்தி ஒட்டுமீனை மறுபடி சுமந்து கரைக்கு நீந்தி வந்து, அதைக் கறுப்புப் படகின் அடியில் விட்டுவிட்டு, புருஷனிடம் சொன்னாள். சேந்தன் உடனே களிமண்ணைப் பிசைந்தான். குமுதியை மடியில் வைத்துக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினான். குமுதியின் கண் மங்கிக்கொண்டே வந்தது. "அம்மா, நான் செத்துப்போவேனா?" என்றாள். "மாட்டே," என்றாள் மாசாத்தி. கடற்கரைக் கிழவர்கள் சாவதில்லை. குமுதிக்கும் அப்படித்தானா என்று அவளுக்கே தெரியாது.

அமாவாசையும் வந்தது. மாசாத்தி பானையோடு கட்டுமரத்தில் பாறைக்குப் போனாள். பேய்க்கணவாய் பானைக்குள் போய்ப் பார்த்தது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. "நல்லா இருக்கு," என்றது. பிறகு நான்கு காலால் பாறையைப் பற்றி, நான்கு காலால் மூடியை உறிஞ்சிப் பிடித்து இழுக்கத் தொடங்கியது.

அப்போது கறுப்புப் படகு வந்தது. மாறாமுகன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். இருபது வயது அழகு. குரலும் இனிமை.

"நீ சங்கு எடுக்கிறவள்தானே? தைரியசாலி. உன் மகளுடைய இளமை இதோ, இந்தக் குழலில் அப்படியே இருக்கிறது. எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ. அந்தப் பிராணியை மட்டும் மூடியை விடச் சொல்."

மாசாத்தி அந்த வெள்ளைக் குழலைப் பார்த்தாள். அவளுக்கு ஆசை வந்தது. யாருக்குத்தான் வராது? கை தானாக நீண்டது.

"மத்தவங்க?" என்றாள்.

"மற்றவர்களா? அவர்களைப் பெற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அவர்களுக்காகக் கேட்க இப்போது யாரும் இல்லையே."

நீட்டிய கையை மாசாத்தி இழுத்துக்கொண்டாள்.

"நான் கேக்கறேனே."

மாறாமுகனின் முகம் முதல்முறையாக மாறியது. "அப்படியானால் இதை இப்போதே குடிக்கிறேன்," என்று குழலை வாயருகே கொண்டுபோனான்.

படகுக்கு அடியில் ஒட்டுமீன் சும்மா இருக்கவில்லை. தன் இனத்தாரை எல்லாம் கூட்டி வைத்திருந்தது. அத்தனை மீன்களும் அடிப்பலகையை உறிஞ்சிப் பிடித்து ஒரே பக்கமாக வெடுக்கென்று இழுத்தன. படகு சாய்ந்தது. மாறாமுகன் படகுக்குள்ளேயே விழுந்தான். குழல் கை நழுவிக் கடலுக்குள் போனது.

மாசாத்தி பாய்ந்து மூழ்கினாள். வெள்ளைக் குழல் ஆடி ஆடிக் கீழே இறங்குவது தெரிந்தது. இரண்டு வீச்சு போட்டால் பிடித்துவிடலாம். அப்போது பேய்க்கணவாய் கத்தியது:

"சாடியும் சேர்ந்து வருது! பிடிக்க ஆள் இல்லாம மூடி கழலாது. நான் ஓய்ஞ்சுட்டேன், இன்னும் ஒரே ஒரு இழுப்புத்தான் இழுப்பேன். பிடிக்கிறியா, போறியா?"

ஒரு பக்கம் குழல். ஒரு பக்கம் சாடி. மேலே போய் மூச்சு எடுக்கவும் நேரம் இல்லை. பிற்பாடு எத்தனையோ பேர் அவளிடம், அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று கேட்டார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் திரும்பி வந்து சாடியைக் கட்டிப் பிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குழல் இருட்டுக்குள் போய் மறைந்தது.

பேய்க்கணவாய் இழுத்தது. மூடி கழன்றது.

சாடியிலிருந்து பால்போல ஒன்று பொங்கி வந்தது. அது வெதுவெதுப்பாக அவளைத் தொட்டுக்கொண்டு கரையை நோக்கிப் போனது. அத்தனை வேகம், அத்தனை சத்தம். பள்ளிக்கூடம் விட்டது போல.

மாசாத்தி மேலே வந்தாள். படகில் ஒரு கிழவன் கிடந்தான். எந்த மனிதனுக்கும் வராத கிழம். துடுப்பைத் தொடக்கூட அவன் கையில் சக்தி இல்லை.

"குழல்ல இருந்தது என்ன ஆகும்?" என்று அவனை உலுக்கினாள். "சொல்லு!"

"எந்தக் குழல்?" என்றான் அவன். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. "எனக்குக் குளிருதம்மா. கரையில் விட்டுவிடேன்."

அவனை அங்கேயே விட்டுவிட்டு அவள் வந்திருக்கலாம். யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் படகில் ஏறித் துடுப்பை எடுத்தாள். கரை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் கிழவன் உப்பாக உதிர்ந்துபோனான். காற்று அதைக் கொண்டுபோனது.

கரையில் ஒரே கூச்சல். மணலெல்லாம் குழந்தைகள். கிழவர்களின் தொளதொள வேட்டி தடுக்கத் தடுக்க ஓடுகிற குழந்தைகள். மாசாத்தி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். குமுதி இல்லை. மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து "சாத்தி! சாத்தி!" என்று குரல் கேட்டது. கடலைக் கண்டால் நடுங்குகிற சேந்தன் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அவன் தோள்மேல் சிவப்புப் பாவாடையும் கறுத்த சடையுமாகக் குமுதி. மந்திரம் முறிந்த கணத்தில் கடலடியில் குழலும் உடைந்திருக்கிறது. அது மாசாத்திக்கு அப்போதுதான் தெரிந்தது.

"படகு வருதுன்னு சொன்னேம்மா," என்றாள் குமுதி. "அப்பா கேக்காம உள்ளே இறங்கிட்டாரு."

மாசாத்தி அழுதாள். சேந்தனும் அழுதான். அழுதுகொண்டே, "முதல்ல என்னைக் கரைக்குக் கொண்டுபோ," என்றான்.

அரண்மனையில் அரசன் சிங்காசனத்திலேயே தொண்ணூறு வயதாகி உட்கார்ந்திருந்தான். கிரீடம் கழுத்துவரை இறங்கியிருந்தது. மந்திரிகள் அவனைத் தூக்கிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஊரார் அரண்மனைக் கதவைத் திறந்துவிட்டார்கள். பெற்றவர் இல்லாத அந்தக் குழந்தைகளெல்லாம் இனி இங்கே இருக்கட்டும், அவர்களுக்காகக் கேட்டவளே அவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். மாசாத்தி ஒவ்வொரு குழந்தையையும் நிறுத்திப் பெயர் கேட்டாள். சில குழந்தைகளுக்குத் தங்கள் பெயரை யோசிக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் காத்திருந்தாள்.

அன்று சாப்பாடு முடிந்து பாய் விரித்தபோது, காது குத்திய ஒரு சின்னப் பெண் வந்து மாசாத்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா," என்றாள்.

"அது எங்க அம்மா," என்றாள் குமுதி.

அந்தப் பெண் முந்தானையை விட்டுவிட்டு நின்றாள். எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. குமுதி அவளைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு பாயில் ஒரு முழம் தள்ளிப் படுத்தாள்.

"இந்தப் பக்கம் வந்து படு," என்றாள். "காலை என் மேலே போடக்கூடாது."

அவர்கள் தூங்கிவிட்டார்கள். கதை சொன்ன வாயும் ஓய்ந்தது, கேட்ட காதும் ஓயட்டும்.